மடித்தால்தான் ஸ்க்லாதென்

அன்ஃபீசா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவின் படகை எடுத்துக்கொண்டு டான்யூப் கழிமுகத்தில் மீன் பிடித்தாள். ஊர் முணுமுணுத்தபோது, "யார் வீசுன வலைன்னு மீன் கேக்குதா?" என்றாள்.

தாயார் கண்மூடும் முன் வீட்டு ஸ்க்லாதெனை அவள் கையில்தான் கொடுத்தார். உள்ளங்கை அளவு பித்தளை மடக்குப் படம். கீலில் சேர்ந்த இரண்டு பலகைகள். ஒன்றில் மாதா, மற்றதில் புனித நிக்கோலா. மூடினால் இருவரும் முகத்தோடு முகம் வைத்துக்கொள்வார்கள். பழைய முறையில் ஜெபிக்கக் கூடாது என்று ரஷ்ய மன்னர் ஜாரின் ஆட்கள் துரத்தியபோது, எங்கள் முன்னோர்கள் இப்படிப்பட்ட படங்களைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டுதான் இந்த நாணல் காட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

தாயாரின் நாற்பதாம் நாள் விருந்துக்கு நகரத்திலிருந்து தம்பி கோந்த்ராத் வந்தான். கப்பல் பட்டறையில் வேலை. முகத்தை வழவழவென்று மழித்திருந்தான். மீன் சூப்பைக் குடித்து முடித்ததும் பையிலிருந்து இடுக்கியை எடுத்தான்.

"அக்கா, கீல் ஆணியை உருவிட்டா ஆளுக்கு ஒண்ணு. எனக்கும் அவ அம்மாதானே? டவுன்ல இதை டிப்டிக்னு சொல்றாங்க. ஒத்தைப் பலகையைக்கூட அழகா சுவத்துல மாட்டுறாங்க."

"சுவத்துல மாட்ட உனக்குக் காலண்டர் கிடைக்கலையாடா? மடிச்சாத்தான் இது ஸ்க்லாதென். பிரிச்சா ரெண்டு தகடு."

"பொம்பளைக்கு இவ்வளவு வீம்பு ஆகாதுக்கா."

அன்ஃபீசா மேசையைத் துடைத்தாள். ஸ்க்லாதெனைக் கிழக்கு மூலையில் விரித்து வைத்தாள்.

"எடுத்துக்கோ. முறைப்படி ஏழு தடவை வணங்கிட்டு எடு."

விரித்த படத்தை வணங்காமல் யாரும் தொடுவதில்லை. நாங்கள் எல்லோரும் எழுந்து, ஜெபத்துக்காக இடுப்புக் கச்சையை இறுக்கிக்கொண்டோம். கோந்த்ராத்தும் முன்னால் வந்தான்.

கிழவர் யெவ்சேய் இருமினார். "மழிச்ச மூஞ்சிக்கு இடம் கதவோரம்தான் தம்பி. டவுன்ல அதையும் மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தான்: தாடியை மழித்தவன் எங்களோடு சேர்ந்து படத்தை வணங்கக் கூடாது. கன்னத்தைத் தடவிப் பார்த்தான். இடுக்கியை மேசையில் வைத்துவிட்டுக் கதவருகே போய் நின்றான்.

அன்ஃபீசா ஏழோடு நிறுத்தவில்லை. தாயாருக்கான ஜெபம் முழுவதையும் அவசரமில்லாமல் வாசித்தாள். பிறகு படத்தை மடித்துச் சங்கிலியோடு கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"எப்ப வந்தாலும் உனக்காக விரிச்சு வைப்பேன். பாதி மட்டும் கேக்காதே."

படகில் ஏறும்போது அவன் கத்தினான்: "இடுக்கியையாவது குடு! பட்டறைச் சாமான்!"

"தாடி வளர்த்துட்டு வந்து கேளு!"

கெளுத்தி மீனின் தோலை இப்போதெல்லாம் அவள் அந்த இடுக்கியால்தான் உரிக்கிறாள்.