தண்ணீர்ப் பரிசோதனைக்கு ஒரு நாள்

கொழும்பின் வடக்கே கொட்டாஞ்சேனையில் ஒரு தனியார் டயலிசிஸ் நிலையத்தில் நிர்வாக அலுவலராக இருந்தேன். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் இரத்தத்தை மெசினில் விட்டுச் சுத்தம் செய்யும் இடம். எட்டு மெசின்கள். ஒவ்வொருவரும் கிழமைக்கு இரண்டு மூன்று தடவை வருவார்கள். ஒரு தவணை தப்பினாலே கால் வீங்கும், மூச்சு முட்டும். ஞாயிறு மட்டும்தான் பூட்டியிருப்போம்.

கட்டடச் சொந்தக்காரர் இடத்தைத் திருப்பிக் கேட்டார். நகரின் தென்கோடியில், வெள்ளவத்தையில் புதிய தளம் ஒன்று எடுத்தாயிற்று. நிலையத்தை நடத்திய டொக்டர், மாற்றும் பொறுப்பை என்னிடம் தந்தார். நான் அப்போது சனிக்கிழமைகளில், பெரிய வேலைகளைத் திட்டமிட்டு நடத்தக் கற்றுத்தரும் திட்ட முகாமைத்துவ வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அது அவருக்குத் தெரியும்.

"படிக்கிறதைச் செய்து காட்டுங்கோ," என்றார்.

ஆசையோடு செய்தேன். வேலைகளையெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எது முடிந்தால் எது தொடங்கும் என்று கோடு போட்டு, பெரிய தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். வியாழக்கிழமைதோறும் ஒரு பக்க அறிக்கை. சரியாகப் போகும் வேலைக்குப் பச்சை, பிந்தினால் மஞ்சள், நின்றுவிட்டால் சிவப்பு. அது நிலையத்தின் பங்குதாரர்களுக்கும் போகும்.

புதிய இடத்தில் தண்ணீர்க் குழாய் வேலை பிந்தியது. மஞ்சள் போட்டேன். டொக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"இதைப் பச்சையாக்குங்கோ. அவையள் பயந்திடுவினம். நாலு நாள்தானே."

ஆக்கினேன். நாலு நாள் எட்டு நாளானது. அப்போதும் பச்சைதான். திங்கட்கிழமை திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் போய்விட்டது. குழாய் வேலை அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை முடியும். சனி தண்ணீர்ப் பரிசோதனை, ஞாயிறு மெசின்களை ஏற்றி இறக்குவது, திங்கள் திறப்பு. தாளில் எல்லாம் பொருந்தியிருந்தது.

புதன்கிழமை பின்னேரம் வெள்ளவத்தைத் தளத்தில் தண்ணீர் டெக்னீசியனைக் கண்டேன். ஹட்டன் பக்கத்துக்காரர், பல வருடமாக எங்கள் நிலையத்தில் வேலை செய்பவர். சனிக்கிழமை எத்தனை மணிக்கு ரிசல்ட் கிடைக்கும் என்று கேட்டேன்.

"சனிக்கிழமை எப்படிங்க மேடம் கிடைக்கும்? கிருமி வளருதான்னு வச்சுப் பாக்கணும். ஒரு வாரம் ஆகும்."

"நான் மெசேஜில கேட்டனே. ஒரு நாள் எண்டு போட்டீங்களே."

"தண்ணி டெஸ்ட்டு எடுக்க எத்தனை நாள்னு கேட்டீங்க. எடுக்க ஒரு நாள்தாங்க."

போனை எடுத்துப் பார்த்தேன். அப்படித்தான் கேட்டிருந்தேன். ஒரு வேலை எப்போது முடிந்ததாகக் கணக்கு என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் என்று வகுப்பில் முதல் மாதமே சொல்லித் தந்தார்கள். பரீட்சையில் அதற்கு நல்ல விடையும் எழுதியிருந்தேன்.

டயலிசிஸ் தண்ணீர் குடிக்கும் தண்ணீர் போன்றதல்ல. மெல்லிய சவ்வு ஒன்றுக்கு அந்தப் பக்கம் அது ஓடும், இந்தப் பக்கம் நோயாளியின் இரத்தம். தண்ணீரில் கிருமி இருந்தால் படுக்கையிலேயே குளிரடித்து நடுங்கத் தொடங்குவார்கள்.

வியாழன் காலை அறிக்கையில் தண்ணீர்ப் பரிசோதனை வரிக்குச் சிவப்பு போட்டேன். பங்குதாரர்களுக்கு அனுப்பாமல் முதலில் டொக்டரிடம் கொண்டுபோனேன்.

"இதென்ன சிவப்பு?"

"தண்ணி ரிசல்ட் வர ஒரு கிழமை எடுக்கும், டொக்டர். திங்கட்கிழமை திறக்கேலாது."

"போன கிழமை பச்சை."

"அது என்ர பிழை. குழாய் பிந்தினதையும் மறைச்சனான். ரிசல்ட்டுக்கு எவ்வளவு நாள் எண்டு சரியாக் கேக்கவும் இல்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபம் வந்தால் அவருடைய 'நீங்கள்' 'நீர்' ஆகிவிடும்.

"நீர் விளங்கித்தான் கதைக்கிறீரா? இடத்தை இந்த மாசம் முடியக் குடுக்கவேணும். ஆக்களுக்குச் சொல்லியாச்சு. திங்கள் திறப்பம். ரிசல்ட் வாறபோது வரட்டும். மெசின் அதேதான், ஆக்களும் அதே ஆக்கள்."

"குழாய் புதுசு, டொக்டர்."

ஆபத்துகளைக் குறித்து வைக்கும் தாள் ஒன்றையும் கொண்டுவந்திருந்தேன். ஒவ்வொரு ஆபத்துக்கும் எதிரே, முடிவு எடுப்பவரின் கையெழுத்துக்கு ஓர் இடம் உண்டு. அதுவரை யாரும் அதில் கையெழுத்து வைத்ததில்லை, நானும் கேட்டதில்லை. 'பரிசோதனை முடிவுக்கு முன் நோயாளிகளுக்குச் சிகிச்சை தொடங்குதல்' என்று எழுதி அவர் முன்னால் வைத்தேன்.

"நீங்கள் அப்பிடி முடிவெடுத்தா இதில ஒரு சைன் வையுங்கோ. நான் வேலையைத் தொடருறன்."

அந்த வேலை போனால் வெள்ளவத்தை ஃபிளாட்டின் தவணையை என் கணவரின் சம்பளத்தில் மட்டும் கட்ட முடியாது என்பது அந்த நேரத்தில்தான் ஞாபகம் வந்தது. டொக்டர் பேனையை எடுத்தார். மூடியைத் திறந்தார். பிறகு வெளியே இருந்தவரிடம் டெக்னீசியனைக் கூப்பிடச் சொன்னார்.

டெக்னீசியன் வந்து கதவருகில் நின்றார்.

"புதுக் குழாயில தண்ணி நல்லா இருக்குமோ?"

"தெரியாதுங்க டொக்டர். டெஸ்ட் பண்ணாமத் தெரியாது."

டொக்டர் பேனையை மூடினார். தாளை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"கட்டடக்காரனோட நீரே போய்க் கதையும். ஒரு நாளும் தரமாட்டான்."

கட்டடக்காரர் மேல்மாடியில் குடியிருந்த சிங்கள வியாபாரி. உள்ளதை உள்ளபடி அவருக்குச் சிங்களத்தில் சொன்னேன். புதிதாக வருகிறவர்களுக்குத் தான் வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். நான் எழும்பவில்லை. கடைசியில், பின்பக்க அறையை உடனே காலியாக்கித் தந்தால், மற்றதற்குத் திங்கட்கிழமையிலிருந்து இரண்டு கிழமை தருவதாக ஒப்புக்கொண்டார். எழுதி வாங்கிக்கொண்டேன். திறப்பு விழா தள்ளிப்போனதை அழைக்கப்பட்டவர்களுக்கு டொக்டரே போனில் சொன்னார். என்னோடு மட்டும் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை குழாய் வேலை முடிந்ததும் பரிசோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுத்தோம். அடுத்த வெள்ளி ரிசல்ட் வந்தது. கிருமி, விடக்கூடிய அளவைப் பலமடங்கு தாண்டியிருந்தது.

இரண்டு தடவை வாசித்தேன். நான் சொன்னதுதான் சரி என்று ஒரு கணம்கூடச் சந்தோசப்பட முடியவில்லை. அந்தத் திங்கட்கிழமை முதல் தவணைக்குப் பெயர் போட்டிருந்த எட்டுப் பேரின் முகமும் எனக்குத் தெரியும். அறிக்கையை டொக்டரின் மேசையில் வைத்தேன். அவர் கடைசி வரி வரை வாசித்தார்.

"இனி என்ன செய்யவேணும்?" என்று கேட்டார்.

சனிக்கிழமை வகுப்புக்குப் போகாமல் டெக்னீசியனோடு குழாய் வழியே நடந்தேன். ஒன்பதாவது மெசின் எப்போதாவது வாங்கினால் உதவும் என்று குழாய் வேலை செய்தவர்கள் ஒரு கிளைக்குழாயை நுனியை மூடி விட்டிருந்தார்கள். அதில் தண்ணீர் ஓடாமல் தேங்கி நின்றது. அதை வெட்டி அடைத்து, முழுக் குழாயையும் மருந்து விட்டுக் கழுவி, பின்னேரமே மறுபடி மாதிரி எடுத்தோம். ரிசல்ட் அடுத்த சனி. கட்டடக்காரரின் தவணை அதற்கடுத்த திங்கள். இந்தத் தடவையும் தண்ணீரில் கிருமி இருந்தால் போவதற்கு இடம் இல்லை. நோயாளிகளை வேறு நிலையங்களில் பிரித்து ஏற்றுக்கொள்வார்களா என்று அந்தக் கிழமை முழுக்கப் போனில் கேட்டேன். ஐந்து பேருக்கு மட்டும் இடம் கிடைத்தது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ரிசல்ட் வந்தது. தண்ணீர் சுத்தம். டெக்னீசியனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "சரிங்க மேடம், அப்ப லொறிக்குச் சொல்லிடுறேன்," என்று வைத்துவிட்டார். நான் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். ஞாயிறு மெசின்கள் போய்ச் சேர்ந்தன. திங்கள் காலை முதல் எட்டுப் பேரும் படுக்கையில் இருந்தார்கள். ஒருவருக்கும் குளிரடிக்கவில்லை.

இரண்டாம் கிழமை கொட்டாஞ்சேனை அம்மா ஒருவர் வரவில்லை. போன் எடுத்தேன்.

"பஸ்ஸில ஒண்டரை மணித்தியாலம், மிஸ். டயலிசிஸ் முடிஞ்சா எனக்கு நிக்கவே ஏலாது. பக்கத்தில வேற இடம் பாத்திட்டன்."

சுவரில் ஒட்டியிருந்த தாளில் மெசின்களுக்கு லொறி இருந்தது. அந்த அம்மா எப்படி வருவார் என்ற கேள்வி எந்த வரியிலும் இல்லை. மாதக்கடைசியில் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வான் ஒழுங்கு செய்தோம். ஏழு பேர் அதில் வந்தார்கள். அந்த அம்மா திரும்பி வரவில்லை.