அண்ணனை எனக்குக் கீழ மாட்டி வெச்சது

புதுச்சத்திரம் தாண்டி ரோட்டுல முட்டை லாரி ஒண்ணு கவுந்துச்சே, ஊரே ஒரு வாரம் மூணு வேளையும் முட்டையாத் தின்னுச்சே, அதுக்கு ரெண்டு மாசங்கழிச்சுத்தான் நானும் கவுந்தேன். லாரி கவுந்ததுக்கு டிரைவர் தூக்கம் காரணம். நான் கவுந்ததுக்கு பாத்ரூம் டைல்ஸ். மழமழன்னு இருந்தாத்தான் ஊட்டுக்கு அழகுன்னு என்ற மகன் கடை கடையா ஏறிப் பொறுக்கிட்டு வந்த டைல்ஸ். அந்த அழகுல வழுக்கித்தான் இடுப்பெலும்பு போச்சு.

அந்த முட்டையைப் பத்தி ஒண்ணு சொல்லிப்போடறேன், மறந்துருவேன். எங்க வீதியில ஒருத்தராச்சும் முழு முட்டை எடுத்தோம்னு சொல்லோணுமே. ஒடைஞ்சதைத்தான் அள்ளுனோம், ஈ மொய்க்குமேன்னு அள்ளுனோம்னாங்க. ஒடைஞ்ச முட்டையை ஆறு நாள் வெச்சிருந்து எப்படி அவிச்சுத் தின்னீங்கன்னு நானும் கேக்குல. லாரிக்குப் பக்கெட்டு தூக்கிட்டு ஓடுன அதே சனந்தான், நான் உழுந்தப்போ கையை வீசிட்டு வந்து, கட்டிலைச் சுத்தி நின்னு, அவங்கவங்களுக்குத் தெரிஞ்ச இடுப்பெல்லாம் எப்படிச் செத்துப் போச்சுன்னு சொல்லீட்டுப் போச்சு.

மூணு மாசம் நடக்கப்படாதுன்னுட்டாரு டாக்டரு. நான் முப்பது வருசம் ரிக்கு வண்டியில ஊர் ஊராப் போயி தண்ணிக்கு போர் போட்டவன். ஒரு ஊருல மூணு நாள் சேந்தாப்புல இருந்தா சொறியெடுக்கும் எனக்கு. அப்படியாப்பட்டவனைக் கட்டில்ல போட்டு டிவியப் போட்டு உட்டாங்க. அதுல மாமியாளும் மருமவளும் மொறைச்சுக்கிட்டே நின்னாங்க. அதுதான் ஊட்டுல சும்மாவே நடக்குதே.

என்ற பேத்தி, மகன் புள்ளை, கம்ப்யூட்டர் படிச்சுட்டு ஊட்டுல உக்காந்தே ஏதோ கம்பெனிக்கு வேலை பாக்குது. என்ன வேலை கண்ணுன்னா, வெளையாட்டு செய்யற வேலைங்குது. அது சொந்தமா ஒண்ணு செஞ்சு வெச்சிருந்துச்சு. எங்க குலசாமி கோயில், அதச் சுத்தி இருக்கற காடு, கெணறு, வேப்பமரம், எல்லாம் அப்படியே கம்ப்யூட்டர் டப்பாக்குள்ள. எங்க பங்காளிக பாதிப்பேரு ரிக்கு வண்டியோட வடக்க கெடக்கறாங்க. மாசியில கோயில் பொங்கலுக்கு வரமுடியாதவங்க போனை அமுக்கிக் கோயிலைச் சுத்தி நடந்துக்கட்டும்னு அதோட ரோசனை. நல்ல ரோசனைதான். ஆளுகதான் இல்லை. ஒரு ஈ காக்கா இல்லாம கோயில் நின்னுச்சு, தேர்தல் முடிஞ்ச கட்சி ஆபீசு மாதிரி.

"அப்பாரு, ஆளுகளை நீங்க செய்யறீங்களா? எனக்கு நேரமில்லை. எழுத்துப் படிக்கவே தேவையில்லை, எல்லாம் படந்தான்"னுச்சு.

"எதை வெச்சுச் செய்யறது?"

"பந்து, பொட்டி, உருளை, கூம்பு. அவ்வளவுதான்."

"இதை வெச்சு மனுசனைச் செஞ்சர முடியுமா கண்ணு?"

"நம்ம சொந்தக்காரங்களுக்குப் போதும் அப்பாரு."

கெட்டிக்காரப் புள்ளை.

மவுசுன்னு ஒண்ணைக் கையில குடுத்து, பத்து நிமிசம் காட்டீட்டு, மீட்டிங்குன்னு போயிருச்சு. உருளைப் படத்தை அமுக்குனா ஒரு பைப்பு வந்து தரையில நிக்குது. அது மேல செவப்பு, பச்சை, நீலம்னு மூணு அம்பு. ஒண்ணைப் புடிச்சு இழுத்தா ஒசருது, ஒண்ணு பக்கவாட்டுல போவுது, இன்னொண்ணு முன்னாலயும் பின்னாலயும். பைப்பு மேல பைப்பு மாட்டறது எனக்குப் புதுசா? ஒடம்புக்கு ஒரு தடிப் பைப்பு, காலுக்கு ரெண்டு சன்னப் பைப்பு, தலைக்குப் பந்து, பொட்டியைத் தோசை கணக்கா நசுக்கித் தோளுல போட்டாத் துண்டு, கையில இன்னொரு சன்னப் பைப்பு ஊனுகோல். மொதல்ல என்னையத்தான் செஞ்சேன். வேற யாரு செய்வா என்னைய.

நேரா நின்னு பாத்தா எல்லாங் கச்சிதம். படத்தைப் பக்கவாட்டுல திருப்புனா, தலை எனக்கு ரெண்டடி பின்னால தனியா நின்னுட்டு இருக்குது. முன்னால இழுத்தா நெஞ்சுக்குள்ள பூந்துக்குது. தலை ஒடம்போட சேர ரெண்டு நாளாச்சு. அந்த ரெண்டு நாளும் தலையில்லாத என்னைய ஊட்டுல எல்லாரும் பாத்தாங்க. ஒருத்தரும் எதையோ காணமேன்னு கேக்குல.

அப்பறம் ஊட்டுக்காரியைச் செஞ்சேன். காப்பி குடுக்க வந்தவ எட்டிப் பாத்தா.

"ஏனுங்க, அதாரு, கேஸ் சிலிண்டரு?"

"நீதான்."

"உருட்டுனது போதும், எந்திரிச்சு உக்காந்து காப்பியக் குடிங்க"ன்னு போயிட்டா. அன்னைக்குக் காப்பியில சக்கரை இல்லை. டாக்டரு சொன்னாராம்.

பொறவுதான் அண்ணன். பெரியப்பன் மகன், எனக்கு மூணு மாசம் மூப்பு. அந்த மூணு மாசத்தை எழுவது வருசமா அனுபவிச்சுக்கிட்டு இருக்கறாரு. கல்யாண ஊட்டுல மொத எலை அவருக்கு. பஞ்சாயத்துல மொத வார்த்தை அவருது. கோயில் பொங்கல்ல மூத்தவரு மொதப் பானைக்கு நெருப்பு வெச்சாத்தான் மத்த பங்காளிக அடுப்புப் பத்த வெக்கோணும், அது எங்க மொறை. ரிக்குலயும் அப்படித்தான். மொதலாளி ஒருத்தருதான், வண்டி ரெண்டு. முன்னால போற ரிக்கு வண்டி அவரு ஓட்டுவாரு. பைப்பு ஏத்துன வண்டிய நான் பின்னால ஓட்டுவேன். இப்ப மல்லசமுத்திரத்துல மக ஊட்டோட இருக்கறாரு. நான் படுத்ததுல இருந்து வாரம் தப்பாம வியாழக்கெழமை பஸ்ஸேறி வந்து, எப்படிப் படுக்கோணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போவாரு. படுக்கறதுலயும் அவரு மூணு மாசம் மூப்பு.

அவரைச் செய்யறது சுளுவு. ரெண்டு பட்டனை ஒண்ணா அமுக்குனா ஆளு ரெண்டாவுது. என்ற ஆளை ரெண்டாக்கி, வவுத்துல ஒரு பந்தை வெச்சு, தலையில உருமாலைக்குக் கூம்பைக் கவுத்துனேன். அச்சு அவரேதான்.

இங்கதான் ஒரு சங்கதி. கம்ப்யூட்டர்ல ஓரமா ஒரு வரிசை இருக்குது. செஞ்சு வெச்ச சாமானம் பூராவும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அதுல நிக்கும். துண்டைப் புடிச்சு இழுத்து என்ற மேல போட்டா, துண்டு எனக்குக் கீழ மாட்டிக்கும். மாட்டுலைன்னா நான் நடந்து போயிருவேன், துண்டு அந்தரத்துல நிக்கும். அதனால தலை, காலு, துண்டு, ஊனுகோல் எல்லாத்தையும் இழுத்து இழுத்து எனக்குக் கீழ மாட்டுனேன். அண்ணன் அந்த வரிசையில எங்கியோ கடைசியில தனியாக் கெடந்தாரு. பங்காளிங்க ஒரே வகையறா, ஒண்ணா இருந்தாத்தானே அழகுன்னு, அவரையும் இழுத்து எங்கூடவே போட்டேன். போட்டதும் அந்த வரிசையில சித்த உள்ள தள்ளி நின்னாரு. மரியாதையா ஒதுங்கி நிக்கறாராட்ட இருக்குதுன்னு நெனைச்சுக்கிட்டேன். அவரு ஒரு நாளும் ஒதுங்கி நின்னவரில்லையே, அப்பவாச்சும் சந்தேகம் வந்திருக்கோணும்.

தை மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை கோயில் பொங்கல் பத்திப் பேச பங்காளிக எங்க ஊட்டுல கூடுனாங்க. கறிச்சோறு. மகன் கம்ப்யூட்டரை டிவியோட மாட்டி உட்டான். அண்ணன் நடுச் சேருல, டிவிக்கு நேரா. நான் கட்டில்ல இருந்தே பட்டனை அமுக்கி என்ற ஆளை நடத்துனேன்.

நான் கோயிலைப் பாத்து நடந்தேன். பின்னால நாலடி தள்ளி, காலை அசைக்காம, வழுக்கிக்கிட்டே அண்ணன் வாராரு. நான் நின்னா நின்னாரு. நான் கெணத்தைச் சுத்திப் போனேன், அவரு கெணத்துச் செவுத்துக்குள்ள பூந்து இந்தப்பக்கம் வந்தாரு.

"டேய், நிறுத்து. அதாருடா பின்னால?"ன்னாரு அண்ணன்.

"நீங்கதானுங்ணா."

"திரும்பு பாக்கலாம்."

நான் எடப்பக்கந் திரும்புனேன். அவரு ஒரு பெரிய வட்டம் போட்டு ஓடி வந்து என்ற முதுகுக்குப் பின்னால நின்னாரு. வலப்பக்கந் திரும்புனேன். திரும்பவும் வட்டம் போட்டு ஓடுனாரு, உருமாலையோட.

"திருவிழாவுல ராட்டாந்தூரி சுத்தறாப்பல இருக்குதுங்ணா"ன்னு பங்காளி ஒருத்தன் சொல்ல, சனம் சிரிச்சுப்போடுச்சு. அண்ணன் சிரிக்குல.

"முப்பது வருசம் என்ற டயரு தடத்தைப் பாத்து வண்டி ஓட்டுனவன்டா நீ. இடுப்பு ஒடைஞ்சு படுத்துக்கிட்டு என்னைய உன்ற பின்னால கட்டி இழுக்கறயா?"

"கை தவறிப் போச்சுங்ணா."

"கை தவறுனவன் எவனாச்சும் அடுத்தவனைத் தனக்கு முன்னால மாட்டிருக்கறானா?"

சரியான கேள்வி. அதுக்கு நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். இருந்தா நான் நானில்லையே.

"உங்க காலு தேயக்கூடாதுன்னுதானுங்ணா கூட்டீட்டுப் போனேன்"னேன்.

இப்ப எல்லாரும் கட்டில்ல தட்டித் தட்டிச் சிரிச்சாங்க. அவரு எந்திரிச்சுத் துண்டை ஒதறித் தோளுல போட்டாரு. "மொதப் பானைக்கும் உன்ற பொம்மையையே நெருப்பு வெக்கச் சொல்லு"ன்னுட்டு, போட்ட எலையில கை வெக்காமப் போயிட்டாரு. இத்தனை வருசத்துல அவரு கறிச்சோத்தை உட்டுட்டுப் போயி நான் பாத்ததில்லை.

அதுக்கப்பறம் வியாழக்கெழமை பஸ்ஸுல யாரும் வருல. போன் போட்டா மணி அடிச்சு ஓயுது. அவரு வருலைன்னா கோயில்ல மொதப் பானை அடுப்பு எரியாது, அத்தனை பங்காளிகளும் பச்சரிசியைக் கையில வெச்சுக்கிட்டு என்ற மூஞ்சியைப் பாப்பாங்க. அது கெடக்குது. எப்படிப் படுக்கறதுன்னு சொல்ல ஆளில்லாம இப்பல்லாம் தூக்கமும் சரியில்லை.

"அந்த நாலு உருப்படியில ஒரு பூட்டுச் செஞ்சு உங்க வாய்க்குப் போடுங்க"ன்னா ஊட்டுக்காரி.

பூட்டுச் செய்யுல. அண்ணனை எனக்குக் கீழ இருந்து கழட்டி வெளிய போட்டேன். கழட்டீட்டு நடந்து பாத்தேன். நான் கோயிலுக்குப் போயிட்டேன். அவரு கெணத்து மேட்டுல அப்படியே நிக்கறாரு. நான் எவ்வளவு தூரம் போனாலும் உருமாலைக் கூம்பு மட்டும் சின்னதா அங்கியே தெரியுது. சித்த நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன். சகிக்குல.

மறுநாள் என்னையப் புடிச்சு இழுத்து அவருக்குக் கீழ மாட்டுனேன். தலை, துண்டு, ஊனுகோல் எல்லாம் எங்கூடவே வந்துருச்சு. பட்டனை யாரு அமுக்குனாலும் அவரு நடக்கற மாதிரி மாத்திக் குடு கண்ணுன்னு பேத்திகிட்டக் கேட்டேன்.

"அப்போ நீங்களா எங்கியும் நடக்க முடியாதே அப்பாரு?"

"இப்ப மட்டும் எங்க நடந்து கிழிக்கறேன்"னேன்.

மாத்திக் குடுத்துருச்சு. இப்ப அவரு திரும்புனா நான் வட்டம் போட்டு ஓடறேன். கெணத்துச் செவுத்துக்குள்ள நாந்தான் பூந்து வாரேன். உருமாலையையும் ஒரு அடி ஒசத்தி உட்டிருக்கறேன். கோயில் வாசல்ல இடிக்குது, இடிக்கட்டும்.

கோயில் பொங்கலுக்கு இன்னும் இருவது நாள் கெடக்குது. மல்லசமுத்திரம் பக்கம் போறவங்க யாராச்சும் இதைக் கேட்டிருந்தீங்கன்னா, பஸ்ஸுல முன்சீட்டைப் பாருங்க. டிரைவருக்கு கியர் மாத்தச் சொல்லிக் குடுத்துக்கிட்டு ஒரு பெரியவரு உக்காந்திருப்பாரு, அவருதான். இப்ப அவன் உங்களுக்குக் கீழ மாட்டிக்கிட்டான், அவனாவே மாட்டிக்கிட்டானாம்னு சொல்லுங்க சாமி. காலு தேயும்னு பேசுனது தப்புத்தான்னும் சொல்லுங்க. நான் சொல்லச் சொன்னதாவே சொல்லுங்க. சித்த சத்தமாச் சொல்லுங்க, அவருக்குக் காது மந்தம். கேட்டா இல்லைம்பாரு.