மரகதக்கா திருப்பித் தந்த புத்தகங்கள்

வீடு வீடாகப் புத்தகம் கொண்டுபோகும் நூலகப் பெண்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: வெயில் பழகிவிடும், நாயும் பழகிவிடும், புத்தகத்தைத் திருப்பித் தரும்போது சொல்கிற அந்த ஒரு வார்த்தை மட்டும் பழகவே பழகாது.

பென்சில் கோடுகள்

மலையாள எல்லையோரத் தமிழ் ஊரான வடகரப்பதியில் என் ஸ்கூட்டர் நிற்கும் முதல் வீடு மரகதக்காவுடையது. தென்னந்தோப்பு, நாலு மாடு, பத்தாவதோடு நின்ற படிப்பு. பாலைச் சொசைட்டிக்கு அனுப்பிவிட்டுத்தான் புத்தகத்தைத் தொடுவார். ஒருமுறை பெரிய பேர் வாங்கிய நாவல் ஒன்றைக் கொடுத்தேன். குடும்பத்துக்காகவே தேய்ந்துபோகும் ஒரு மனைவியின் கதை. எம்.ஏ.வில் அதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியவள் நான்.

திரும்பி வந்த புத்தகத்தில் அங்கங்கே பென்சில் கோடு. நூலகப் புத்தகத்தில் கிறுக்கலாமா அக்கா என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்புத்தானுங்க அம்மிணி. அவ சோறாக்குற எடமெல்லாம் கோடு போட்டேன். புஸ்தகம் முடியறவரைக்கும் அவ ஒருவாய் சாப்பிடவே இல்லீங்க."

அடுப்படி

மாதம் ஒருமுறை நூலகத்தில் வாசிப்புக் கூட்டம். அக்காவைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார், ஊருக்கே மாஷ், நல்ல மனிதர். "பெண்கள் எழுதறதெல்லாம் அடுப்படிக்குள்ளயே சுத்துதுங்க, வெளி உலகம் வரணும்" என்றார். நான் படித்த கோட்பாடுகளில் எதை எடுத்துச் சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து அக்கா எழுந்து மெதுவாகச் சொன்னார்: "நீங்க அடுப்படிக்குள்ள வந்ததே இல்லீங்களே மாஷ். உங்களுக்கு அதுதானுங்க வெளி உலகம்."

ஒரு வாசகி

எங்கள் கையெழுத்து இதழுக்கு அக்கா ஒரு விமர்சனம் எழுதித் தந்தார். ஒரு சிறுகதையைப் பற்றி: அதில் வண்டிக்காளைக்குக்கூடப் பேர் இருக்கிறது, மனைவி மட்டும் கடைசிவரைக்கும் 'அவள்'தான் என்று.

ஆனால் தன் பேரைப் போட வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கூட்டுக்காரருக்குத் தெரிஞ்சா புஸ்தகம் எடுக்கறதே நின்னுபோயிருமுங்க." கீழே 'ஒரு வாசகி' என்று போட்டேன். பக்கம் அக்காவின் கையெழுத்திலேயே போகிறது என்பது இருவருக்குமே தோன்றவில்லை. நகல் எல்லா வீட்டுக்கும் போயிற்று.

ஒரு வாரம் கழித்து அவர் கணவர் பழனிச்சாமி அண்ணன் இதழோடு நூலகத்துக்கே வந்துவிட்டார். மலையாளத்தில் படித்தவர், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். அந்தப் பக்கத்தை விரித்து மேஜைமேல் வைத்தார். "மூணு நாளா படிச்சேனுங்க. அவ எழுத்துத்தான். ஏனுங்க அம்மிணி, எல்லாத்துக்கும் பேரு போட்டிருக்கீங்க, இதுக்கு மட்டும் மரகதம்னு ஏனுங்க போடல?"

புத்தகம் கொடுக்கிற வேலை என்றுதான் என் நியமன உத்தரவில் எழுதியிருக்கிறது. வாசலில் நின்று பாடம் கேட்கிற வேலை என்று ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.