தெற்குச் சுவரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும்

எங்கள் வீட்டுக் கூடத்தின் தெற்குச் சுவர் யாருக்கு என்று எனக்கும் என் மனைவிக்கும் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவள் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைப்பவள். அவளுடைய தையல் மெஷின் படுக்கையறை மூலையில், பட்டப்பகலிலும் லைட் போட்டால்தான் ஊசி தெரியும் இடத்தில் கிடந்தது. கூடத்தின் பெரிய ஜன்னலோ கிழக்குப் பக்கம், தெற்குச் சுவரை ஒட்டி இருந்தது. எனக்கு அதே சுவரில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுக் கேட்க வேண்டும்.

"தை பொறந்தா முகூர்த்த ரவிக்கையா குவியும். அதுக்குள்ள வாங்கி வெச்சு நிம்மதியா பாட்டு கேளுங்க. இல்லன்னா மெஷினை அங்க நகத்திடுவேன்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

நிம்மதியாக என்றாளே, அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஆபீஸ் நாற்காலியில்கூட ஒரு பக்கமாக, எழுந்து ஓடப்போகிறவன் மாதிரிதான் நான் உட்காருவேன். ஸ்பீக்கர் வாங்குவது என்று முடிவானதும் போனில் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். யாரோ ஒருவர் இந்தப் பெட்டியில் வயலின் தேனாக வழிகிறது என்பார். நான் அதை என் போனின் எள்ளளவு ஓட்டை வழியாகக் கேட்டுவிட்டு, ஆமாம், தேனேதான் என்று தலையாட்டுவேன்.

ஒருவழியாக பெரம்பலூரில் ஒரு கடையைப் பிடித்தேன். கடைக்காரர் வளைகுடாவில் வெகுகாலம் இதே வியாபாரம் பார்த்துவிட்டுத் திரும்பிய பாய். கலர் லைட் எரிய, தரை அதிரப் பாடும் பெட்டிகள் பக்கம் நான் நகர்ந்ததும் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"அது கல்யாண வூட்டுக்கு சார். இருக்கிற பட்ஜெட்டுல லைட்டுக்குக் குடுத்தா சத்தத்துக்கு என்னா மிஞ்சும்? இந்தப் பொட்டியைத் தட்டிப் பாருங்க. தொப்புன்னு அடங்கணும், தகரம் மாதிரி பேசக் கூடாது. அப்பறம் ஒரு பொம்பளை குரலைப் போட்டுக் கேளுங்க. எதிர்ல உக்காந்து பாடுற மாதிரி இருந்தா எடுத்துக்கங்க."

அலமாரித் தட்டில் அடங்குகிற அளவில் ஒரு ஜோடி. பாட்டைப் போட்டார். பாடகி எதிரில் வந்து உட்கார்ந்தேவிட்டார். எனக்குப் புல்லரித்தது.

அரியலூரில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து தெற்குச் சுவரில் வைத்தேன். பாடகி வந்தார். கூடவே இன்னொரு ஆளும் வந்தார். மிருதங்கம் தாழ்வாக முழங்கும்போதெல்லாம் பாட்டுக்கு அடியில் 'ர்ர்ர்' என்று ஒரு இரைச்சல். சத்தத்தைக் குறைத்தால் போனது. கூட்டினால் வந்தது. பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பெரம்பலூர் கடையில் போட்டால் இரைச்சலே இல்லை! ஆனாலும் பாய் வேறு ஜோடி தந்தார். அரியலூரில் அதுவும் 'ர்ர்ர்'. வேறு கம்பெனிப் பெட்டியை மாற்றி வந்தேன். அதற்கும் அதே வியாதி.

தினம் அந்தத் தடத்தில் போகும் கண்டக்டருக்கு என்னைப் பார்த்தாலே சிரிப்பு. "என்ன சார், பொண்ணு மறுபடியும் கோவிச்சுக்கிட்டு ஆத்தா வூட்டுக்குக் கெளம்பிடுச்சா?"

பாய் சிரிக்கவில்லை. "மாஷா அல்லா, என்னா காது சார் உங்களுக்கு! எனக்குக் கேக்காததெல்லாம் கேக்குது. இதான் கடைசி ஜோடி. இதையும் மாத்தணும்னு வந்தீங்க, கடையவே உங்க வூட்டுக்கு மாத்திடுவேன்."

கடைசி ஜோடியும் இரைந்தது.

மார்கழி முடியப் போகிறது. மனைவி தையல் டேப்பை எடுத்துவந்து, என் கண்ணெதிரே தெற்குச் சுவரை அளந்துவிட்டு சமையலறைக்குள் போய்விட்டாள். நான் தரையில் மண்டியிட்டு, ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக் கிடந்தேன்.

"குக்கர் விசில் எண்ண முடியல, அதைக் கொஞ்சம் நிறுத்துங்க!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நிறுத்தினேன். காதை எடுக்கவில்லை. அப்போது ரோட்டில் சிமெண்ட் லாரி ஒன்று போனது. ஸ்பீக்கர் 'ர்ர்ர்' என்றது.

"ஏம்மா, இங்க வா! சுவிட்ச் போடாமலே இரையுது!"

கரண்டியோடு வந்து கேட்டாள். கரண்டியாலேயே சுவரைத் தட்டினாள். 'ர்ர்ர்.'

"இது என் தட்டு ஸ்டாண்டுங்க. இந்தச் செவுத்துக்கு அந்தாண்டதான மாட்டியிருக்கு? லாரி போனா ஆடும், நீங்க பாட்டுப் போட்டாலும் ஆடும்."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"நீங்க ஸ்பீக்கர்ல கோளாறுன்னுதான சொன்னீங்க? சமையக்கட்டுப் பக்கம் எட்டிப் பாத்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் லாரியும் ஓயாத ரோடு எங்களுடையது. வீட்டில் தட்டும் டம்ளரும் நாளெல்லாம் நடுங்கிக்கொண்டேதான் இருக்கும். பிறந்ததிலிருந்து கேட்டு, அதைக் கேட்காமலிருக்கப் பழகிய காது என்னுடையது. பாட்டோடு சேர்ந்து வந்ததும் அதையே புதுசு என்று நினைத்து, குற்றமில்லாத பெட்டிகளைப் பெரம்பலூருக்கு நாடு கடத்தியிருக்கிறேன்.

பெட்டிகளை எதிர்ச் சுவர் அலமாரிக்கு மாற்றினேன். பாடகி தனியாக வந்தார். தெற்குச் சுவருக்கு மெஷினை நானேதான் தள்ளிக்கொண்டு போனேன். அவள் ஜெயித்த கையோடு ஊசியில் நூல் கோத்துவிட்டாள்.

தை பிறந்தது. நான் பாட்டைப் போட்டால், எதிரே மெஷின் கடகடவென்று ஓடுகிறது.

"இந்தச் சரணம் முடியிற வரைக்கும் நிறுத்தேன்."

"நாளைக்குக் காலைல முகூர்த்தம். நீங்க வேணா பாட்டைக் கொஞ்சம் சத்தமா வைங்க. எனக்கும் கேக்கல."

வைத்தேன். தட்டுகள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இடப்பக்கப் பெட்டி ஒரு விரற்கடை உள்ளே இருப்பதுபோலப் பட்டது. எழுந்துபோய் நகர்த்தினேன். இப்போது வலப்பக்கம் சரியில்லை.

"உக்காருங்க" என்றாள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

உட்கார்ந்தேன், ஒரு பக்கமாக.