"மார்ல கட்டி இருக்கா அக்கா?"ன்னு மசாஜ் சென்டர்ல கேட்டப்ப

நேத்து அடையார்ல ஒரு மசாஜ் சென்டர்ல...

ஆபீஸ்ல என் டீம் பொண்ணுங்க பர்த்டேக்கு வவுச்சர் குடுத்தாளுங்க. ரெண்டு பேருக்கு ஃபுல் பாடி மசாஜ். (பெருங்குடியில நாற்பத்திமூணு வயசுக்காரிக்கு வேற என்ன குடுப்பாங்க? என் கழுத்து போனது ஊருக்கே தெரியும்.)

யாரைக் கூட்டிட்டுப் போறதுன்னு யோசிக்கவே இல்ல. ஒரு கல்யாணத்துக்காக கோயம்புத்தூர்லேர்ந்து நூரு வந்திருந்தா. நூர்ஜஹான். சொந்த ஊர் வாணியம்பாடி. இருபது வருஷத்துக்கு முன்னாடி தி.நகர் லேடீஸ் ஹாஸ்டல்ல என் ரூம்மேட். (அவகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். "என்னை ஒல்லியா எழுதுடி"ன்னு ஒரே கண்டிஷன்.)

ரிசப்ஷன்ல ஒரு ஃபார்ம். சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, வேற ஏதாவது பிரச்சனை இருக்கா. நூரு எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு சர்ருனு டிக் போட்டா. நானும்தான்.

உள்ள வந்த மசாஜ் பண்ற பொண்ணு பேரு செல்வி. வடசென்னைக்காரப் பொண்ணு. ஃபார்மைப் பார்த்துட்டு மறுபடியும் வாயாலயும் கேட்டுச்சு.

"தப்பா நெனச்சுக்காதக்கா. மார்ல கட்டி கிட்டி இருக்கா?"

எனக்கு சிரிப்பு வந்திருச்சு. நூருவைப் பார்த்தேன். எங்களுக்கு அது ஒரு பெரிய கதை.

அப்ப எனக்கு இருபத்திரெண்டு. ரெண்டு பேருக்கும் ஈக்காட்டுத்தாங்கல்ல டேட்டா என்ட்ரி வேலை. பனகல் பார்க் பின்னாடி ஹாஸ்டல். ஒரு ரூம்ல நாலு கட்டில், ஒரே ஃபேன்.

ஞாயித்துக்கிழமை எண்ணெய்க் குளியல். வார்டன் ஆளுக்கு ஒரு பக்கெட் வெந்நீர்தான் குடுப்பாங்க. அவ என் முதுகுல நல்லெண்ணெய் தேய்ச்சுவிடுவா, நான் அவ தலையில. ஊர்ல உள்ள அத்தனை பேர் கதையும் அந்த ஒரு மணி நேரத்துல ஓடும். எவ்ளோ சந்தோஷமா இருந்தோம்னு அப்ப தெரியவே இல்ல.

அப்படி ஒரு ஞாயித்துக்கிழமை சொன்னேன். "நூரு, இடது பக்கம் கோலிக்குண்டு மாதிரி ஒண்ணு இருக்குடி. பிடிச்சா நழுவுது."

வீட்ல மாப்பிள்ளை பார்த்துட்டு இருந்த நேரம். அம்மாகிட்ட சொல்லவே பயம்.

நூரு அசரல. "விளக்கெண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ச்சா கரைஞ்சிரும். நான் இருக்கேன்ல?"

மூணு வாரம். வேலை விட்டு வந்ததும் கதவைத் தாழ் போட்டுட்டு, பாவம், அவ கை வலிக்க வலிக்கத் தேய்ப்பா. நான் பல்லைக் கடிச்சுட்டுப் படுத்திருப்பேன். கட்டி கரையல. அந்த இடம்தான் கன்னிப்போய் நீலமாச்சு. பஸ்ல கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்க முடியல.

அதுக்கப்புறம்தான் நூரு பயந்துட்டா. லீவ் போட்டு மயிலாப்பூர்ல லஸ் பக்கம் ஒரு லேடி டாக்டர்கிட்ட என்னை இழுத்துட்டுப் போனா.

ஸ்கேன், ஊசி டெஸ்ட் எல்லாம் எடுத்தாங்க. ஃபைப்ரோஅடினோமா. கேன்சர் இல்ல, சாதாக் கட்டி. ஆனா அந்த நீலத்தைப் பார்த்துட்டு டாக்டர் குதிச்சாங்க.

"யாரும்மா இதைத் தேய்ச்சது?"

நூரு மெதுவா கையைத் தூக்கினா.

"கட்டி என்ன வெல்லமா, தேய்ச்சா கரைய? தேய்ச்சதால கேன்சர் வந்துடாது, பயப்படாதீங்க. ஆனா கரையவும் கரையாது. வலியும் வீக்கமும்தான் மிச்சம்."

வெளிய வந்ததும் அவ ஒரே அழுகை. சமாதானப்படுத்த மாட வீதியில ரோஸ்மில்க் வாங்கிக் குடுத்தேன். (கட்டி எனக்கு, ரோஸ்மில்க் அவளுக்கு.) என் உடம்புக்காக என்னை விட அதிகமா அழுத ஒருத்தி. அப்புறம் அப்படி யாருமே எனக்குக் கிடைக்கல.

சரி, அடையாருக்கு வரேன்.

"இருக்கு செல்வி. பழசு. சாதாக் கட்டிதான்"னு சொன்னேன்.

"அப்ப அந்தப் பக்கம் நான் கையே வைக்க மாட்டேன்க்கா. குப்புறப் படுத்தா அழுத்தும், சைடுல படு, தலகாணி தரேன். வலிச்சா ஒடனே சொல்லிடு. ஊசி கீசி குத்தி இருந்தா ஆறுற வரைக்கும் மசாஜே வேணாம். எனக்கு இன்னாக்கா, தேச்சு உட்ருவேன். கஷ்டம் உனக்குத்தானே? டாக்டராண்ட காட்டிக்கினுதானே கீற?"

"ம்"னேன். (பொய். கடைசி ஸ்கேன் எடுத்து மூணு வருஷம் ஆச்சு.)

பக்கத்துக் கட்டில்ல இருந்த நூரு எந்திரிச்சு உட்கார்ந்தா. துண்டை இழுத்துப் போர்த்திக்கிட்டா.

"எனக்கும் ஒண்ணு இருக்குடி. ரம்ஜானுக்கு முன்னாடிலேர்ந்து."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"போகல. உனக்கு வந்த மாதிரியேதான் உருளுது. உனக்கு ஒண்ணும் ஆகலல்ல? அதான் விட்டுட்டேன்."

என்னோட பழைய ரிப்போர்ட்டை நம்பி இத்தனை மாசம் சும்மா இருந்திருக்கா.

செல்வி எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமா வெச்சிருச்சு. "புதுக் கட்டின்னா மொதல்ல டாக்டருக்கா. அப்புறமா மசாஜுக்கு வாங்க. வவுச்சரை நான் மேடமாண்ட சொல்லிக்கிறேன்."

அங்கேர்ந்து நேரா ஸ்கேன் சென்டர். வாசல்ல நின்னுட்டு நூரு உள்ள வர மாட்டேங்கறா. "நீயும் எடு. அப்பதான் நான் எடுப்பேன்."

"வந்து தொலை"ன்னு ரெண்டு பேரும் எடுத்தோம்.

இன்னிக்குக் காலைல ரிப்போர்ட்டோட டாக்டரைப் பார்த்தோம். நூருவோடது வெறும் நீர்க்கட்டி. பயப்பட ஒண்ணுமே இல்ல. டாக்டர் முன்னாடியே என்னைக் கட்டிப்பிடிச்சுட்டா. எனக்கும் கண்ணு கலங்கிருச்சு.

அப்புறம் டாக்டர் என் ரிப்போர்ட்டை எடுத்தாங்க.

"உங்க பழைய கட்டி மூணு வருஷத்துல நல்லா வளர்ந்திருக்கு. இதுவும் சாதாவா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனா பார்க்காம சொல்லக் கூடாது. வியாழக்கிழமை ஊசி டெஸ்ட் எடுத்துடலாம்."

நூருவுக்கு இன்னிக்கு மத்தியானம் ரயில். "வா, சென்ட்ரல்ல கொண்டு விடறேன்"னு பையைத் தூக்கினேன். அவ சேரை விட்டு எந்திரிக்கவே இல்ல. போனை எடுத்து வீட்டுக்காரர்கிட்ட உருதுல பேசினா. அதுல எனக்குப் புரிஞ்சது ஒரே வார்த்தைதான். ஜுமேராத். வியாழக்கிழமை.

கமெண்ட்ல தயவுசெஞ்சு 'ஒண்ணும் ஆகாது'ன்னு எழுதாதீங்க. நாங்க ரெண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லித்தான் இவ்ளோ நாள் போகாம இருந்தோம்.

நீங்க கடைசியா எப்ப காட்டினீங்க?