பிடுங்கிப் பார்க்கும் தேவானை

பொறை என்பது ஓர் அறம். பிறர் சுமையைத் தன் தோளில் ஏற்று, ஏற்றதைப் பிறர் உணராதபடி நிற்பதே அதன் நிறைவு. அந்த அறத்தை இயந்திரங்களுக்குப் பழக்கும் பெண்மணி ஒருவர், சென்னைப் புறநகரின் டேட்டா சென்டர் ஒன்றின் பின்புறத்தில் குந்தியமர்ந்து, மதில்மேல் விரலை ஓட்டிப் பழைய வெள்ளத்தின் கறையைத் தேடிக்கொண்டிருக்கிறார். உடன் வந்த விற்பனையாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே நீல விளக்குகள் மின்னும் குளிர்க் கூடத்தைக் காட்டவே அவர் வந்தார்.

“ஜெனரேட்டர் எங்க கீது?”

“பேஸ்மென்ட்ல மேடம்.”

“மழைத் தண்ணி எங்க வரும்?”

விற்பனையாளர் வானத்தை அண்ணாந்து பார்க்கிறார்.

“அதுவும் பேஸ்மென்ட்டுக்குத்தான் வரும். ரெண்டும் சந்திச்சா இன்னா ஆவும்னு யோசிச்சிக்கினு இரு நைனா. நான் கெளம்புறேன்.”

இவர் தேவானை. மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பின் மேல்மாடியில் வாழ்பவர். பிறந்தது சிந்தாதிரிப்பேட்டை, பயின்றது மின்னணுப் பொறியியல். பெருங்கூட்டம் ஒரே நேரத்தில் வந்து மோதும் இணையதளங்களுக்கு எத்தகைய சர்வர் வேண்டும், அதை எந்த ஊரில் எவரிடம் குடிவைக்க வேண்டும் என்று தேர்ந்து சொல்வது அவர் தொழில். தேர்வு முடிவு வெளியாகும் காலையும், ஆடித் தள்ளுபடி தொடங்கும் கணமும் இவருக்குப் போர்க்களம். அடக்கம் இவரிடம் இல்லை. இருப்பதாக நடிப்பதும் இல்லை. “நான் பாத்து வெச்ச மிஷினு படுத்ததா சரித்திரமே இல்ல” என்பது நெடுங்காலம் இவர் தம்மை அறிமுகம் செய்துகொண்ட வாசகம்.

சராசரி என்ற சொல்லைக் கேட்டால் இவர் முகம் சுளிக்கும். நாளொன்றுக்குச் சராசரியாக இத்தனை பேர் வருகிறார்கள் என்று எவரேனும் தொடங்கினால் கை உயர்த்தி நிறுத்துவார். “சராசரியாப் பாத்தா மயிலாப்பூர் மாடவீதி காலியாத்தான் கீது. அறுபத்துமூவர் அன்னிக்கு வந்து நில்லு, அப்பத் தெரியும்.” மிக நெரிசலான அந்த ஒரு நிமிடத்தில் எத்தனை பேர் கதவைத் தட்டுவார்கள் என்பதே இவர் கேட்கும் கேள்வி. அதற்கு விடை கிடைக்கும்வரை எந்த இயந்திரத்தின் பெயரையும் உச்சரிக்க மாட்டார்.

தியாகராய நகரில் பட்டுக்கடை நடத்தும் ஒருவர், இருப்பதிலேயே பெரிய சர்வர் ஒன்றை வாங்கிவிடத் துடித்தார். தேவானை அவருக்கு ஒரு தேநீர் முடியும் நேரத்தில் பாடம் முடித்துவிட்டார். “யானை ஒண்ணு வாங்காத மொதலாளி, எருமை நாலு வாங்கு. யானை படுத்துக்கிச்சுன்னா கத முடிஞ்சுது. எருமை ஒண்ணு படுத்தா, மீதி மூணு வண்டியை இழுத்துக்கினு போவும்.” கடைக்காரர் சிரித்தார், எருமைகளையே வாங்கினார்.

இவரிடம் ஒரு விந்தையான வழக்கம் உண்டு. எல்லாவற்றையும் அமைத்து முடித்ததும், தளத்தின் உரிமையாளரை அழைத்து அருகில் அமர்த்துவார். பொய்க் கூட்டம் ஒன்றைச் செயற்கையாக உண்டாக்கித் தளத்தின்மேல் ஏவுவார். இயந்திரங்கள் மூச்சு வாங்கும் அந்த வேளையில், “உனக்குப் புடிச்ச மிஷினு ஒண்ணை நிறுத்து” என்பார். உரிமையாளர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை நிறுத்துவார். நிறுத்திய பின்னும் தளம் விழாமல் நின்றால்தான் தேவானை எழுந்திருப்பார். இதற்குப் ‘புடுங்கிப் பாக்குறது’ என்று பெயர். பிடுங்கிப் பாராத எதையும் இவர் நம்பியதில்லை, ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் ஸ்ரீநாத்தைச் சொல்ல வேண்டும். எதிர் வீட்டுக்காரர், வங்கி ஊழியர், மேகத்தின்மேல் காதல் கொண்டவர். மழையும் புயலும் எப்போது, எங்கே என்று தம் தளத்தில் எழுதுவார். வெயில் நாளில் அங்கே ஈ ஆடும். புயல் கிளம்பினால் நகரமே வந்து நிற்கும். நொச்சிக்குப்பத்து எஸ்தர், எங்கள் தெருவில் மீன் விற்பவர், தம் வீட்டுப் படகை எப்போது மேலேற்றுவது என்பதை அதைப் பார்த்தே முடிவு செய்வார்.

அந்தத் தளத்தின் பொறுப்பைத் தேவானை விரும்பி ஏற்றார். “மழை இங்க பெய்யிறப்போ மிஷினு இங்க இன்னாத்துக்கு நனையணும்?” என்று மும்பையில் குடிவைத்தார். சாதாரண நாளில் சிறிய இயந்திரங்கள் போதும். கூட்டம் பெருகும்போது தாமே உள்ளே நுழைந்து கூடுதல் இயந்திரங்களை இறக்குவார். தானே பெருகும் ஏற்பாட்டை இவர் ஏற்பதில்லை. நல்ல கூட்டமும், தளத்தைக் கவிழ்க்க எவரோ ஏவும் நாசக் கூட்டமும் அதற்கு ஒன்றுதானே என்பது இவர் வாதம்.

சென்ற ஆண்டுப் புயலில் மும்பை இயந்திரங்கள் சொட்டு நீரும் படாமல் நின்றன. ஆனால் அவற்றைப் பெருக்கும் கதவைத் திறக்க, தேவானையின் கைபேசிக்கு ஓடிபி வரவேண்டும். மந்தைவெளியின் கைபேசிக் கோபுரங்கள் எல்லாம் செத்திருந்தன. கொட்டும் மழையில் மொட்டைமாடியில், கைபேசியை வானத்தை நோக்கி உயர்த்திப் பிடித்தபடி இவர் நின்ற கோலத்தை நான் கண்டேன். எண் வரவில்லை. கூட்டம் தாங்காமல் தளம் திறக்கவில்லை. மழை ஓய்ந்த பின் மீன்கூடையை இறக்கிவைத்து எஸ்தர் சொன்னார்: “இன்னா தேவானைக்கா, உன் மிஷினு பம்பாயில காஞ்சுக்கினு கீது. என் போட்டு இங்க ரெண்டாப் போச்சே.”

தேவானையின் பழைய அறிமுக வாசகத்தை அதன்பின் எவரும் கேட்டதில்லை.

பிறகு, கோயம்புத்தூரில் இருக்கும் பழைய அலுவலகத் தோழி அஸ்மத்துன்னிசாவிடம், தளத்தைப் பெருக்கும் அந்தக் கதவின் இரண்டாம் சாவியைக் கொடுத்தார். கொடுத்தாரே ஒழிய, “நான் ஃபோன் பண்ணாத்தான் நீ தொடணும்” என்றும் கட்டளையிட்டார். சாவி இரண்டாயிற்று, கை ஒன்றாகவே இருந்தது.

இவ்வாண்டுப் புயல் ஒரு பிற்பகலில் நெருங்கியது. தெருவில் மின்சாரம் போயிற்று. தேவானை வீட்டில் இன்வெர்ட்டரும் கம்பிவழி இணையமும் உண்டு என்பதால் ஸ்ரீநாத் மடிக்கணினியோடு அங்கே வந்துவிட்டார், நானும் சென்றேன். தளத்தில் கூட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. தேவானை திரையைச் சற்று நேரம் பார்த்தார். பின் கோவைக்கு அழைத்தார்.

“அஸ்மத்து, இனிமே என்னைக் கேக்காத. கூட்டம் ஏறுச்சுன்னா நீயே பாத்து மிஷினை எறக்கு.”

“எங்க போறீங்கக்கா?”

“எங்கியும் போவல. என்னையே புடுங்கிக்கிறேன்.”

கைபேசியை அணைத்தார். ஸ்ரீநாத் பதறிப்போனார். “டவர் நன்னாத்தானே இருக்கு! இப்போ போய் ஏன் அணைக்கறேள்?”

“அதுவா விழுந்தா என்னால தூக்கி நிறுத்த முடியாது. நானா அணைச்சா திரும்பப் போட முடியும். நல்லாக் கீறப்பவே புடுங்கிப் பாக்கணும் ஸ்ரீநாத்து. உன் சைட்டுல இதுவரைக்கும் புடுங்கிப் பாக்காத மிஷினு ஒண்ணே ஒண்ணுதான். அது நான்.”

சொல்லிவிட்டுச் சமையலறை வாயிலில் இருந்த அரிசி டின்னைத் திறந்து, கைபேசியை அரிசிக்குள் அழுத்திப் புதைத்தார்.

“நனைஞ்ச ஃபோனைன்னா அரிசில வெப்பா!” என்றார் ஸ்ரீநாத்.

“ஃபோனு காஞ்சுதான் கீது. என் கையிதான் சும்மா இருக்காது.”

மூடியை இறுக மூடி, அதன்மேல் அமர்ந்துகொண்டார்.

சாளரக் கண்ணாடி அதிர்ந்தது. ஸ்ரீநாத்தின் திரையில் தளம் தயங்கியது. “சுத்திண்டே இருக்கு மேடம்…” தேவானையின் விரல்கள் டின்னின் பக்கத்தில் தாளமிட்டன, அவர் எழவில்லை. “இன்னும் சுத்தறது…” தாளம் விரைந்தது. அப்போதும் அவர் எழவில்லை. சட்டென்று பக்கம் விரிந்தது. ஸ்ரீநாத் மறுபடி தட்டினார், மறுபடி விரிந்தது. எவர் யோசனையையும் கேளாமலே கோவையில் ஒரு பெண் இயந்திரங்களை இறக்கிவிட்டிருந்தார்.

அவ்வேளை ஸ்ரீநாத்தின் கைபேசி ஒலித்தது. எஸ்தரின் குரல் காற்றினூடே முழங்கிற்று: “சார், புயல் கரையேறுற நேரம் போட்டுக்கீறியே, பாத்துட்டோம்! போட்டை எல்லாம் ரோட்டு மேல இழுத்துப் போட்டாச்சு. தேவானைக்கா கைல சொல்லு, இந்தவாட்டி அவங்க மிஷினும் பொழைச்சுது, என் போட்டும்…”

இணைப்பு அறுந்தது. ஸ்ரீநாத் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபுரம் வீழ்ந்திருந்தது. மடிக்கணினியில் தளம் மட்டும், ஒன்றும் நடவாததுபோல், தட்டத் தட்ட விரிந்தது.

உள்ளிருந்து தேவானையின் கணவர் ரகுபதி கிண்ணத்தோடு வந்தார். “சாதம் வெக்கணும், கொஞ்சம் எழுந்திரு.”

தேவானை நிமிர்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, டின்னின்மேல் இன்னும் வசதியாக அமர்ந்தார். அந்த முகத்தில் பழைய பெருமிதம் அத்தனையும் திரும்பியிருந்தது.

“இன்னிக்கு அரிசி கெடையாது. உப்புமா கிண்டு.”

நஞ்சைக் கண்டத்தில் பொறுத்த கபாலீச்சரத்து இறைவன் அக்குடியின் சுமையைத் தன் தோளில் பொறுப்பானாக. காற்றுக்கு அசையாத விளக்கு அவ்வில்லத்தில் எரிக. மழை அவர்களுக்கு என்றும் வெறும் மழையாகவே பெய்க.