பன்னிரண்டு மணி நடை

ரொறொன்ரோவின் கிழக்கே, ஸ்காபரோவில் நான் வேலை செய்யும் உயர்நிலைப் பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்பறைகளுக்கு யன்னல் இல்லை. டிசம்பர் பிறந்துவிட்டால் பிள்ளைகள் இருட்டில் பஸ் ஏறி வருவார்கள். நாள் முழுவதும் ரியூப் லைட்டின் கீழே இருந்துவிட்டு, பின்னேர வேலைக்கோ ரியூசனுக்கோ போய் வெளியே வரும்போது மறுபடியும் இருட்டாக இருக்கும். கிழமை நாட்களில் சூரியனைக் காணாமலே வளர்கிற பிள்ளைகள் அவர்கள்.

நான் அங்கே வழிகாட்டல் ஆசிரியை. எந்தப் பாடம் எடுப்பது, எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பது என்று கேட்டு வருவார்கள். குளிர்காலத்தில் வேறு விதமாகவும் வருவார்கள். கதிரையில் இருந்து, ஹூடியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, "ஒண்டுமில்லை மிஸ், சும்மா ரயர்டா இருக்கு" என்பார்கள். செப்டெம்பரில் துள்ளித் திரிந்த அதே பிள்ளைகள்தான். ஒரு தாளில் அச்சடித்து வைத்திருந்த ஆலோசனைகளைக் கொடுத்து அனுப்புவேன். நேரத்துக்கு எழும்புங்கள், காலையில் சாப்பிடுங்கள், வெளிச்சத்தில் நடவுங்கள். அந்தத் தாள்கள் பள்ளிக்கூட நடைகூடத்தில் மிதிபட்டுக் கிடப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

உயிரியல் படிப்பித்த என் தோழிதான் அதை மாற்றினாள். நாங்கள் இருவரும் ஒரே வருடம் அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவர்கள். நான் யாழ்ப்பாணம், அவள் மன்னார். இருவரும் சிறு வயதில் அகதிகளாக வந்து, இங்கேயே படித்து, இங்கேயே ஆசிரியைகளாகியிருந்தோம். அவள் கலியாணம் முடித்துப் பிரிந்து, பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு வரிசை வீட்டில் தனியே இருந்தாள். சிரிக்கச் சிரிக்கக் கதைப்பாள். ஆசிரியர் அறையில் அவள் இருக்கிறாளா இல்லையா என்பது கதவைத் திறக்க முன்னமே தெரிந்துவிடும்.

ஒரு நவம்பர் மாதம் என் அறைக்கு வந்து, அந்தத் தாளை எடுத்து வாசித்துப் பார்த்தாள். "உந்தத் தாளை வாசிச்சுப்போட்டு ஆர் நடக்கப் போகினம்? நாங்கள் கூட்டிக்கொண்டு நடந்தால்தான் உண்டு," என்றாள். அடுத்த திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு, சாப்பாட்டு இடைவேளையில், அவள் பின்வாசலில் நின்றாள். முதல் நாள் ஆறு பேர் வந்தார்கள். அதில் நாலு பேர் அவளுடைய வகுப்பில் புள்ளி குறைந்தவர்கள். பயத்தில் வந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உயர் மின்கம்பிகள் போகும் ஒரு நீண்ட வெளி இருக்கிறது. அதன் ஓரமாகப் போய்த் திரும்பி வர இருபது நிமிடம். யாரும் கதைக்கத் தேவையில்லை, ஆனால் ஃபோன் சட்டைப்பையில் இருக்க வேண்டும் என்பதுதான் அவள் வைத்த சட்டம். கையுறை இல்லாத பிள்ளைகளுக்கு, தொலைந்த பொருட்களின் பெட்டியிலிருந்து சோடி சேராத கையுறைகளைப் பொறுக்கி வைத்திருப்பாள். ஒரு கையில் சிவப்பும் மறு கையில் நீலமுமாகப் பெரிய பெரிய பெடியன்கள் நடப்பார்கள். திரும்பி வந்ததும் பெரிய ஃபிளாஸ்க்கில் இஞ்சித் தேத்தண்ணி இருக்கும்.

புறப்படும்போதும் திரும்பும்போதும் ஒரு கேள்வி கேட்பாள். "இண்டைக்கு எத்தினை?" மனம் எப்படி இருக்கிறது என்று பிள்ளைகள் ஒன்றிலிருந்து ஐந்து வரை விரல் காட்ட வேண்டும். தடித்த கையுறைக்குள் விரலைப் பிரிக்க முடியாமல் சிலர் முழுக் கையையும் ஆட்டுவார்கள், எல்லாரும் சிரிப்பார்கள். போகும்போது ஒரு விரல் காட்டிய பிள்ளை வரும்போது மூன்று காட்டினால் அவள் தலையை மட்டும் ஆட்டுவாள். ஒன்று காட்டிப் போய் ஒன்றோடே திரும்பிய பிள்ளையை என் அறைக்குக் கூட்டி வந்துவிடுவாள். அப்படி அவள் கொண்டுவந்து சேர்த்த மூன்று பிள்ளைகளை நாங்கள் வைத்தியரிடம் அனுப்பியிருக்கிறோம். அதில் ஒருத்தி இப்போது தாதியாக இருக்கிறாள்.

யாராவது ஒரு பிள்ளை அவளிடம் திருப்பிக் கேட்கும், "மிஸ், யூ?" அவள் எப்போதும் ஐந்து விரலையும் விரித்துக் காட்டுவாள்.

இரண்டாவது குளிர்காலத்தில் நாற்பது பேர் வரையில் வரத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், ஆப்கான் பிள்ளைகள், சோமாலியப் பிள்ளைகள். மதியத்துக்குப் பிறகு வரும் பாடத்தில் பிள்ளைகள் நித்திரை கொள்வது குறைந்திருக்கிறது என்று கணித ஆசிரியர் வந்து சொன்னார். நானும் கிழமையில் இரண்டு நாள் போனேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தக் குளிர் பிடிக்கவில்லை. முகத்தில் ஊசியாகக் குத்தும் காற்றில் நடக்கிற நேரத்தில் என் மேசையில் குவிந்திருக்கும் வேலையைத்தான் நினைத்துக்கொண்டு நடப்பேன்.

மூன்றாவது குளிர்காலத்தில், ஜனவரி நடுப்பகுதியில், உறைமழை பெய்தது. மறுநாள் வெளி முழுவதும் கண்ணாடி போல ஐஸ். அன்று அவள் பிள்ளைகளை அந்த மின்கம்பி வெளிக்குக் கூட்டிப் போகவில்லை, வாகனத் தரிப்பிடத்தைச் சுற்றித்தான் நடந்தார்கள். அங்கே வழுக்கி விழுந்து, பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்கு மணிக்கட்டு முறிந்தது. பிள்ளையின் தகப்பன் அதிபருக்கு மின்னஞ்சல் எழுதினார். கோபமான கடிதம் அல்ல அது. இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்யப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டிருந்தார்.

மாணவர் நலன் என் பொறுப்பில் இருந்தபடியால் அதிபர் என்னைக் கூப்பிட்டார். என்ன செய்யலாம் என்று என்னிடமே கேட்டார். உப்புப் போடச் சொல்லலாம், சப்பாத்துக்குக் கீழே மாட்டும் முள் வாங்கலாம், ஐஸ் நாட்களில் ஜிம்முக்குள் நடக்கலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். அப்போது செமஸ்ரர் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. நிரப்ப வேண்டிய படிவங்கள் நிறைய இருந்தன. எனக்கும் அலுத்துப் போயிருந்தது. "வசந்தம் வரும்வரை நிறுத்தி வைப்போம்," என்றேன். அவர் உடனே சம்மதித்தார். அந்தப் பேச்சு ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

அவளிடம் சொல்லப் போனபோது ஆசிரியர் அறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்ததும் தண்ணீரை நிறுத்தினாள். சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன். அவளுக்குச் சண்டை பிடிக்கத் தெரியும்.

"சரி. பிள்ளையளுக்கு நீரே சொல்லும். என்னால ஏலாது," என்றாள்.

நான் காலை அறிவிப்பில் சொன்னேன். சில பிள்ளைகள் வந்து முறைப்பட்டார்கள். இரண்டு கிழமையில் அதுவும் ஓய்ந்துவிட்டது.

பெப்ரவரியில் ஒரு மதியம் அவளுடைய வகுப்பறையைக் கடந்து போனேன். விளக்கு அணைந்திருந்தது. கதவுக் கண்ணாடியூடாகப் பார்த்தால், குளிர்ச்சட்டையைக் கழற்றாமல், மேசையில் கைகளை வைத்துக்கொண்டு அவள் இருந்தாள். யன்னல் இல்லாத அறை. நடைகூடத்து வெளிச்சத்தில்தான் உருவம் தெரிந்தது. தலையிடியாக்கும், கொஞ்சம் ஆறட்டும் என்று நினைத்து நடந்துவிட்டேன். ஒரு பிள்ளை அப்படி இருந்திருந்தால் நான் கதவைத் தட்டியிருப்பேன். அதுதான் என் வேலை.

பிறகு திங்கட்கிழமைகளில் அவளுக்குப் பதிலாக வேறு ஆசிரியர்கள் வந்தார்கள். பிறகு முழுக் கிழமையும் வந்தார்கள். ஃபோன் எடுத்தால் பதில் இல்லை. மெசேஜ் அனுப்பினால், "காய்ச்சல், சுகமாயிடும்" என்று இரண்டு நாள் கழித்து வரும். மார்ச் விடுமுறை தொடங்கிய சனிக்கிழமை, மத்தியானம், சொல்லாமல் அவள் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தது அவளுடைய அக்கா. மெல்பேர்னிலிருந்து வந்து நாலு நாளாகிறது என்றா. அக்காவுக்குத் தகவல் சொன்னது பக்கத்து வீட்டுக்காரர். வாசலில் வழித்துத் தள்ளாத பனி முழங்கால் வரை கிடப்பதைப் பார்த்து, கதவைத் தட்டி, அவளிடமே அக்காவின் நம்பரை வாங்கியிருக்கிறார். என்னை விட அந்த மனிதர் கெட்டிக்காரர்.

வெளியே பனியில் வெயில் பட்டுக் கண் கூசியது. உள்ளே எல்லாத் திரைச்சீலைகளும் இழுத்து மூடியிருந்தன. அவள் சோஃபாவில் போர்வைக்குள் இருந்தாள். மெலிந்திருந்தாள். தலை வாரி இழுத்துப் பல நாள் இருக்கும். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள், நான் பக்கத்தில் போய் இருந்தேன். என்ன கதைப்பதென்று தெரியாமல் பள்ளிக்கூடத்துக் கதைகளைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளே சொல்லத் தொடங்கினாள். இது புதிதல்ல என்றாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிற காலத்திலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் தனக்கு இப்படித்தான் என்றாள். புருசனுக்குத் தெரியும், அவர் போன பிறகு வேறு ஒருவருக்கும் தெரியாது என்றாள்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"என்னெண்டு சொல்லுறது? ஐஞ்சு விரலையும் காட்டிக்கொண்டு நிண்ட ஆள் நான்." போர்வையை இழுத்துக்கொண்டாள். "அந்த நடை பிள்ளையளுக்கெண்டுதான் எல்லாரும் நினைச்சவை. பன்ரண்டு மணிக்கு நாப்பது பேர் பின்வாசல்ல என்னைப் பாத்துக்கொண்டு நிப்பினம். அதை நினைச்சுத்தான் நான் காலமை எழும்பினனான். அந்த ரெண்டு வருசமும்தான் நான் குளிர்காலத்தில நல்லா இருந்தனான்."

அவள் என் கையைப் பிடித்தாள். "நீர் அழாதையும். உமக்குத் தெரியாதுதானே. உம்மோட எனக்குக் கோவமில்லை."

அவள் கோபித்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கோபித்திருந்தால் அதற்கு நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன், அவள் ஏசியிருப்பாள், என்றோ ஒருநாள் சமாதானமாகியிருப்போம். கோபமில்லாத ஆளிடம் எதைக் கேட்பது?

வைத்தியம் நடந்தது. அக்கா ஏப்ரல் முழுவதும் நின்று பார்த்தா. நானும் கிழமைக்கு இரண்டு தடவை போய், அவளை வெளியே கூட்டிக்கொண்டு அவர்கள் தெருவைச் சுற்றி நடந்தேன். அவள் மெதுவாக நடந்தாள். பழைய சிரிப்பு ஒரு தடவை வந்தது, எதிரே வந்த நாய்க்குட்டி ஒன்று சப்பாத்து மாட்டிக்கொண்டு நடக்கத் தெரியாமல் கால்களை உதறியபோது. மே மாதம் வீட்டை விற்பதற்குக் கொடுத்தார்கள். அக்காவோடு மெல்பேர்னுக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. இன்னொரு ரொறொன்ரோக் குளிருக்குள் தங்கச்சியைத் தனியே விட ஏலாது என்று அக்கா சொன்னா. மறுத்துச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது? பெட்டி கட்ட உதவினேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பெரிய தாளொன்றில் கையெழுத்து வைத்துத் தந்தார்கள். அவள் அதை வாசிக்காமல் சுருட்டி, ரப்பர் பாண்ட் போட்டு, கையோடு கொண்டு போகும் பையில் வைத்தாள்.

ஜூன் கடைசியில் போய்விட்டாள். ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கிற நாட்கள் அவை.

அந்த நவம்பரில் நான் அதிபரின் அறைக்குப் போனேன். உப்பு, சப்பாத்து முள், ஐஸ் நாட்களில் ஜிம், பெற்றோருக்கு ஒரு பக்கப் படிவம் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போயிருந்தேன். வாதாட ஆயத்தமாகவே போனேன். அவர் வாசித்துவிட்டு, "நல்லது, தொடங்குங்கள்," என்றார். அன்று பின்னேரமே உப்புக்குச் சொல்லிவிட்டார்கள். நான் காரில் போய் இருந்து, வெகு நேரம் எஞ்சினைப் போடாமல் இருந்தேன். ஒரு நாள். அந்த ஜனவரியிலும் ஒரு நாள்தான் எடுத்திருக்கும்.

அதன் பிறகு இரண்டு குளிர்காலம் போய்விட்டது. கிழமையில் ஐந்து நாளும் நான்தான் முன்னால் நடக்கிறேன். அவளைப் போல எனக்குப் பகிடி விடத் தெரியாது. பிள்ளைகள் வருகிறார்கள், நாற்பது இல்லை, இருபத்தைந்து பேர் மட்டில். யாராவது என்னைத் திருப்பிக் கேட்டால் உள்ளதைக் காட்டுகிறேன். இரண்டு என்றால் இரண்டுதான். முதல் முறை இரண்டு விரல் காட்டியபோது பிள்ளைகள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பிறகு ஒரு பிள்ளை வந்து என் பக்கத்தில் நடந்தாள்.

தோழியும் நானும் முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் கதைத்தோம். பிறகு மாதத்துக்கு ஒருமுறை. இப்போது டிசம்பரில் நத்தாருக்கும் பிறந்தநாளுக்கும் மட்டும். அவள் அங்கே ஒரு செடிக்கடையில் கிழமைக்கு மூன்று நாள் வேலை செய்கிறாள். மருந்து எடுக்கிறாள், நித்திரை வருகிறது என்று அக்கா சொன்னா. படிப்பிக்கப் போகவில்லை. போன நத்தாருக்கு ஃபோன் எடுத்தபோது, நடை நடக்கிறது, பிள்ளைகள் வருகிறார்கள் என்று சொன்னேன்.

"நல்லது," என்றாள். பிறகு, "அதைப் பற்றி எனக்குச் சொல்லாதையும், என்ன. கேக்க ஏலாமல் இருக்கு," என்றாள்.

ஓம் என்றேன். அவள் வீட்டுத் தோட்டத்தில் வைத்த தக்காளி எப்படி வந்திருக்கிறது என்று கேட்டேன். அங்கே கோடை. இந்த முறை காய் நிறைய, பறவைகள்தான் கொத்துகின்றன என்று சொன்னாள். வலை கட்டினீரா என்று கேட்டேன். கட்ட வேணும் என்றாள். அதோடு வேறு கதை எங்களுக்கு வரவில்லை.